சாம்பலுக்குள் காத்த நெருப்பு



பிரித்தானியாவில் வாழும் உறவினரைக் காணச் செல்லும் உங்களுள் சிலருக்கு, ஸ்கொட்லாந்தின் மேற்குத் தீவுகளைச் சில நாட்களிற் சுற்றிக்காட்டும் பேருந்துப் பயணம் ஒன்றில் இணையும் வாய்ப்புக் கிட்டலாம். ஓபன் துறைமுகத்தில் வாகனங்களையும் ஏற்றிச் செல்லும் கப்பலில் ஏறினால், பரா தீவை அடைய ஏறத்தாழ ஐந்து மணி நேரமாகும். குடாவின் நடுவே பாறைமேல் நிற்கும் பழைய கோட்டையை வழிகாட்டி சுட்டிக்காட்டுவார். நீங்கள் சற்று மேலே நோக்குங்கள். கரையில் 1888ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட, கடலின் விண்மீனாம் அன்னையின் ஆலயம் நிற்கும். அதற்கும் மேலே மலைச்சரிவில், 1954ஆம் ஆண்டாகிய மரியன்னை ஆண்டில் நிறுவப்பட்ட அன்னையின் வெண்ணிறச் சுரூபம் தெரியும்.

அடுத்த தீவு எரிஸ்கே. சிறிய கப்பலில் நாற்பது நிமிடப் பயணம். அங்குள்ள புனித மிக்கேல் ஆலயம் 1903ஆம் ஆண்டில் கட்டப்பட்டது. அதன் பலிபீடத்தைத் தாங்கி நிற்பது ஒரு படகின் முன்பகுதியாகும். முதலாம் உலகப் போரில் ஈடுபட்ட ஜேர்மனியப் போர்க்கப்பல் ஒன்றின் மணியும் இவ்வாலயத்தில் உண்டு. போருக்கு அழைத்த மணி, செபத்திற்கு அழைக்கும் மணியாயிற்று!

அங்கிருந்து கடலை ஊடறுக்கும் பாதை வழியே தென் யூயிஸ்ட் தீவை அடைகின்றோம். வீதியோரங்களிற் சிறு மாதா கெபிகள் நம்மை வரவேற்கின்றன. 1955ஆம் ஆண்டில் இத்தீவுகளில் ஏவுகணைத் தளம் அமைக்க அரசு திட்டமிட்டபோது, பங்குத்தந்தை ஜோன் மொரிசன் மக்களின் வாழ்வுக்காகக் குரல் எழுப்பினார். தளம் அமைந்தது. ஆயினும் 1957ஆம் ஆண்டில், ஏறத்தாழ முப்பது அடி உயரமான தீவுகளின் அன்னையின் கருங்கற் சுரூபமும் ருவெவல் குன்றில் எழுந்தது. அன்னை உயர்த்திப் பிடித்திருக்கும் பாலன் இயேசு, கையை உயர்த்தி ஆசீர் வழங்குகின்றார்.

பேருந்து இங்கே சில நிமிடங்களே நிற்கும். அதற்குள் ஒரு கேள்வியை உங்கள் உள்ளத்தில் எழுப்புங்கள். 1560ஆம் ஆண்டில் ஸ்கொட்லாந்துப் பாராளுமன்றம் திருப்பலியையே தடை செய்தது. பின் இத்தீவுகளில் விசுவாசம் எவ்வாறு உயிர் பிழைத்தது?

பதினேழாம் நூற்றாண்டில் அயர்லாந்தின் பிரான்சிஸ்கன் துறவிகள் இடையிடையே வந்தனர். 1650களில் புனித வின்சென்ட் டி போல் அனுப்பிய டெர்மட் டக்கன் அடிகளார் இங்கு உழைத்து, 1657ஆம் ஆண்டில் இம்மண்ணிலேயே உயிர் நீத்தார். ஆனால் குருக்கள் இல்லாத காலமே நெடிது. அந்நாட்களில் விசுவாசத்தைக் காத்தவை வீடுகளே.

சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைத்த மண்கட்டியே அங்கு விறகு. இரவில் இல்லத்தாய் அடுப்புத் தணலை மூன்று பகுதிகளாக்குவாள். திரித்துவ இறைவனின் பெயரைச் சொல்லிச் சாம்பலால் மூடுவாள். தீ அணைவதில்லை, காலையில் மீண்டும் கிளறப்படும். பால் கறக்கையிலும் செபம், படகு தள்ளுகையிலும் செபம். இத்தகைய கேலிக் மொழி வேண்டுதல்களை அலெக்சாண்டர் கார்மைக்கல் என்பவர் வீடு வீடாகச் சென்று திரட்டி, 1900ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார்.

அன்பார்ந்தவர்களே! நமக்கோ ஆலயம் அருகிலுண்டு, குருவானவரும் உண்டு. எனினும் நம் இல்லங்களில் மாலைச் செபமாலை ஒலிக்கின்றதா? அல்லது ஆளுக்கொரு கைத்தொலைபேசியுடன் மூலைக்கொருவராய் அமர்ந்திருக்கின்றோமா? ஆலயத்திற் பெறும் தணலை வீட்டில் மூடிக் காப்பவர் இல்லையேல், அடுத்த தலைமுறை எதைக் கிளறி நெருப்பு மூட்டும்?

அத்தீவுகளுக்குச் செல்லும் வாய்ப்பு எல்லோருக்கும் கிட்டாது. ஆனால் இன்றிரவு விளக்கை அணைக்குமுன், பிள்ளைகளை அருகழைத்து ஒருமுறை சிலுவை அடையாளம் வரைய எல்லோராலும் இயலும். அங்கிருந்தே தொடங்குவோம்.