வெயிலில் தளரும் கால்கள்: சோம்பல் அல்ல, நோய்!

கூனிமேடு.

மரக்காணத்தில் இருந்து புதுச்சேரிக்குப் போகும் கடற்கரைச் சாலையில் உள்ள ஊர். ஒரு பக்கம் கடல். மரக்காணத்துப் பக்கம் போனால், கண்ணுக்கு எட்டிய தூரம் உப்பளம்.

மழைக்காலம் ஓய்ந்ததும் உப்பள வேலை தொடங்கிவிடும். பாத்தியில் உப்புத் தண்ணீரைத் தேக்குவார்கள். வெயில் தண்ணீரைக் குடிக்கும். அடியில் உப்புப் பூக்கும். அதைப் பலகையால் வாரிக் குவிப்பார்கள். வெயில் எவ்வளவு அடிக்கிறதோ, அவ்வளவு உப்பு. இங்கே வெயில்தான் முதலாளி!

இந்த வேலைக்கு வரும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். வயது 28. இரண்டு குழந்தைகளுக்குத் தாய். விடியற்காலையில் எல்லோரையும் போல உப்புச் சுமக்கிறாள். மணி பத்து ஆகிறது. வெயில் ஏறுகிறது. அவள் கால்கள் துவள்கின்றன. ஒரு கண் மங்குகிறது. வரப்பில் உட்கார்ந்துவிடுகிறாள்.

"விடியக்காலையிலே நல்லாத்தானே நடந்தே? வெயில் ஏறினா மட்டும் உனக்கு முடியாமப் போயிடுமா?" என்கிறாள் மாமியார்.

சிறிது நேரம் நிழலில் இருக்கிறாள். முகத்தில் தண்ணீர் அடித்துக்கொள்கிறாள். பார்வை தெளிகிறது. கால் ஊன்றுகிறது.

"பார்த்தீங்களா, எல்லாம் நடிப்பு!" என்கிறார்கள் மற்றவர்கள்.

நடிப்பா? இல்லை. இப்படி ஒரு நோய் உண்மையாகவே இருக்கிறது. அதன் பெயர் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். டாக்டர்கள் சுருக்கமாக எம்.எஸ். என்பார்கள். தமிழில், தண்டுவட மரப்பு நோய்.

உறை கிழிந்த கம்பி

மின்சாரக் கம்பியைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே செம்பு. மேலே ரப்பர் உறை. உறை கிழிந்தால் மின்சாரம் சரியாகப் போகாது. விளக்கு மினுக்கும்.

நம் நரம்பும் அப்படித்தான். அதன் மேல் மையலின் என்ற கொழுப்பு உறை இருக்கிறது. 'காலைத் தூக்கு' என்று மூளை இடும் கட்டளை நரம்பின் வழியாக ஓடுகிறது. கட்டளை விரைவாக ஓட இந்த உறை வேண்டும்.

கிருமிகளோடு சண்டை போடுவதற்காக நம் உடம்பில் ஒரு படை இருக்கிறது. இந்த நோயில் அந்தப் படை வழி தவறிவிடுகிறது. மூளையிலும், தண்டுவடத்திலும், கண் நரம்பிலும் உள்ள உறையைத் தாக்குகிறது. வேலியே பயிரை மேய்கிறது!

எந்த இடத்தில் உறை கெடுகிறதோ, அதற்கு ஏற்றபடி துன்பம் வரும். ஒரு கண்ணில் வலியோடு பார்வை மங்கும். கை கால் மரத்துப்போகும். நடை தள்ளாடும். சிறுநீரை அடக்க முடியாது. காரணம் இல்லாமல் உடம்பு அசந்துபோகும்.

பெரும்பாலும் 20 வயதுக்கும் 40 வயதுக்கும் இடையில் தொடங்குகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். இது தொற்று நோய் அல்ல. தொட்டால் ஒட்டாது. கூட உட்கார்ந்து சாப்பிட்டாலும் வராது.

அரசரின் பேரன்

இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜின் பேரன் அகஸ்டஸ் டெஸ்தே. 1822-ம் ஆண்டு, அவருக்கு 28 வயது. ஓர் உறவினரின் இறுதிச் சடங்குக்குப் போனார். அதன் பிறகு கண் மங்கியது. எழுத்தைப் படிக்க முடியவில்லை. சில நாள் கழித்து, எந்த வைத்தியமும் இல்லாமல் பார்வை திரும்பியது!

ஆனால், நோய் போகவில்லை. மறுபடி கண்ணில் வந்தது. பிறகு காலில் வந்தது. 1848-ல் அவர் இறந்தார். தாம் பட்ட துன்பத்தை டைரியில் எழுதி வைத்திருந்தார். அதைப் படித்த பிற்கால டாக்டர்கள், "இது எம்.எஸ். நோய்" என்று கண்டுகொண்டார்கள். அவர் வாழ்ந்த காலத்தில் இதற்குப் பெயரே இல்லை. 1868-ல்தான் பாரிஸ் நகரத்து டாக்டர் ஷார்கோ இதைத் தனி நோய் என்று விளக்கினார்.

வருவதும் போவதும்தான் இந்த நோயின் தந்திரம். முதல் முறை வந்தபோது கோயிலில் மந்திரித்திருப்பார்கள். அல்லது தர்காவில் தாயத்துக் கட்டியிருப்பார்கள். சில வாரத்தில் நோய் தானாகத் தணியும். "தாயத்தில் சரியாகிவிட்டது" என்று வீட்டில் இருந்துவிடுவார்கள். அடுத்த முறை தாக்கும்போது நரம்பு இன்னும் கெடும். கெட்ட நரம்பு முழுவதும் திரும்பாமலே போகலாம்.

சாமி கும்பிடுங்கள். தொழுங்கள். ஆனால், ஆஸ்பத்திரிக்கும் போங்கள்!

வெயில் செய்யும் வேலை

வெயில் ஏறினால் ஏன் கால் துவள்கிறது? 1890-ல் ஊட்டோஃப் என்ற ஜெர்மனி நாட்டுக் கண் டாக்டர் இதைக் கவனித்தார். நடந்து உடம்பு சூடானதும், சில நோயாளிகளுக்குப் பார்வை மங்கியது. உறை கெட்ட நரம்பில், உடம்புச் சூடு அரை டிகிரி கூடினாலும் கட்டளை தடைப்படலாம். சூடு தணிந்தால் பழைய நிலை திரும்பும்.

இந்தச் சூட்டினால் நரம்பு புதிதாகக் கெடுவதில்லை. ஆகவே பயம் வேண்டாம். நிழல், ஈரத்துணி, குளிர்ந்த தண்ணீர் போதும். ஆனால், "வெயிலில் நிற்க முடியவில்லை" என்று அவள் சொன்னால், அது பொய் அல்ல.

வெயிலில் மயங்குகிறவர்கள் எல்லோருக்கும் எம்.எஸ். என்று எண்ணிவிடக் கூடாது. உப்பளத்தில் தண்ணீர் குடிக்காமல் உழைத்தாலே மயக்கம் வரும். ஒரு கண் மட்டும் மங்குவது, மரத்துப்போவது, கால் பலவீனம் போன்றவை ஒரு நாளுக்கு மேல் நீடித்தால் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

ஒரு கோடி சிப்பாய்கள்

இந்த நோய் ஏன் வருகிறது?

அமெரிக்காவின் ஹார்வர்டு விஞ்ஞானிகள், அந்த நாட்டு ராணுவத்தினர் ஒரு கோடி பேரின் விவரங்களை ஆராய்ந்தார்கள். 20 ஆண்டு விவரம் அது. 955 பேருக்கு எம்.எஸ். வந்திருந்தது. சேமித்து வைத்திருந்த ரத்தத்தைச் சோதித்தார்கள். எப்ஸ்டீன்-பார் என்ற வைரஸ் தொற்றிய பிறகு, இந்த நோய் வரும் வாய்ப்பு 32 மடங்கு கூடியிருந்தது! 2022-ல் இந்த முடிவு வெளியானது.

இந்த வைரஸ் உலகில் ஏறக்குறைய எல்லோருக்கும் தொற்றுகிறது. நோயோ மிகச் சிலருக்கே வருகிறது. ஆகவே வேறு காரணங்களும் சேர வேண்டும். பரம்பரைக் கூறு ஒன்று. புகை பிடிப்பது ஒன்று. வைட்டமின் டி குறைவு இன்னொன்று. வெயில் குறைந்த குளிர் நாடுகளில்தான் இந்த நோய் அதிகம்.

விந்தையைப் பாருங்கள். வெயில் உள்ள நாட்டில் நோய் குறைவு. வந்தவருக்கோ வெயிலே எதிரி!

இந்தியாவில் குறைவுதான். ஆனால் இல்லாமல் இல்லை. மங்களூரில் டாக்டர் லேகா பண்டிட் குழுவினர் கணக்கு எடுத்து, 2014-ல் வெளியிட்டார்கள். லட்சத்துக்குப் பத்துப் பேருக்கும் குறைவு என்று தெரிந்தது.

அடியோடு குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆனால், தாக்குதலைத் தடுக்கும் மருந்துகள் உண்டு. முதல் மருந்துக்கு 1993-ல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. பிறகு மாத்திரைகள் வந்தன. ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஏற்றும் மருந்தும் வந்தது. சீக்கிரம் தொடங்கினால் பலன் அதிகம்.

ஒரு சிறு விளம்பரம்

1945-ம் ஆண்டு. நியூயார்க்கில் சில்வியா லாரி என்ற பெண்ணின் தம்பிக்கு எம்.எஸ். டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். சில்வியா ஒரு நாளிதழில் சிறு விளம்பரம் கொடுத்தார். "இந்த நோயில் இருந்து குணமானவர் யாராவது இருந்தால் எழுதுங்கள்" என்பது அதன் கருத்து.

கடிதங்கள் வந்தன. குணமானவர்களிடம் இருந்து அல்ல. "உங்களுக்கு ஏதாவது வழி தெரிந்தால் எங்களுக்கும் சொல்லுங்கள்" என்று கேட்ட நோயாளிகளிடம் இருந்து!

சில்வியா மனம் தளரவில்லை. அவர்களையும் டாக்டர்களையும் ஒன்று சேர்த்து 1946-ல் ஒரு சங்கம் தொடங்கினார். அது பிறகு ஆராய்ச்சிக்குப் பெரும் பணம் திரட்டியது.

நம் நாட்டில் 1985-ல் இந்திய மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் சங்கம் தோன்றியது. சென்னையிலும் அதற்குக் கிளை உண்டு. நோயாளிகள் ஒருவரை ஒருவர் சந்திக்கவும், உடற்பயிற்சிச் சிகிச்சை பெறவும் அது உதவுகிறது.

சட்டமும் மாறியது. 1995-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகளே இருந்தன. 2016-ம் ஆண்டுச் சட்டத்தில் 21 வகைகள். அதில் எம்.எஸ். நோயும் ஒன்று. நோயாளி மாற்றுத்திறனாளி அடையாள அட்டை கேட்கலாம். தமிழக அரசின் மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகைத் திட்டத்திலும் இந்த நோய்க்கு இடம் உண்டு. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரிக்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

கூனிமேட்டில் பஸ் ஏறினால் புதுச்சேரி. அங்கே ஜிப்மர் ஆஸ்பத்திரியில் நரம்பு நோய்ப் பிரிவு இருக்கிறது. டாக்டர் சோதித்து, எம்.ஆர்.ஐ. படம் எடுத்துப் பார்ப்பார். எம்.எஸ். போலவே தோன்றும் வேறு நோய்களும் உண்டு. அவற்றுக்கு மருந்து வேறு. ஆகவே நீங்களாக முடிவு செய்யாதீர்கள்.

நோய் இருப்பது தெரிந்தால், வேலையை விடியற்காலையில் வைத்துக்கொள்ளலாம். வெயில் ஏறும் முன் வீடு திரும்பலாம். உப்பளத்து ஓரத்தில் ஒரு கீற்றுப் பந்தல், ஒரு குடம் தண்ணீர். இதற்குப் பெரிய செலவு இல்லை. அது மற்றத் தொழிலாளர்களுக்கும் உதவும்.

மீண்டும் அந்தப் பெண்ணிடம் வருவோம். அவள் வரப்பில் உட்கார்ந்திருக்கிறாள். மாமியார் வருகிறாள்.

"எழுந்திருக்காதே, அம்மா. நிழல்லே இரு. நாளைக்கு நானே உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போறேன்."

இப்படி அவள் சொல்லட்டும். வைத்தியம் அங்கேயே தொடங்கிவிடும்!