மலைச் சைக்கிளும் வீட்டுப் பழுதுபார்ப்பும்



பண்டார் பாரு வட்டாரத்தில், செர்டாங் பக்கத்துத் தோட்டங்களில் மாலை வேளையில் போய் நின்றால் ஒரு காட்சியைப் பார்க்கலாம். பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் தடித்த டயர் போட்ட சைக்கிள்களில் ஏறிக்கொண்டு, செம்பனை வரிசைகளுக்கு நடுவே செம்மண் பாதையில் மேடும் பள்ளமுமாக ஓட்டி விளையாடுவார்கள். இந்தச் சைக்கிளுக்கு மலைச் சைக்கிள் என்று பெயர். அகலமான டயர், அதில் முள் முள்ளாகப் பிடிப்பு, நேரான கைப்பிடி, மேடேற உதவும் கியர், சிலவற்றில் அதிர்ச்சி தாங்கும் முன் கவை ஆகியவையே இதன் அடையாளங்கள்.

பிள்ளை ஆசைப்பட்டானே என்று சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிக் கொடுக்கிறோம். மூன்று நான்கு மாதம் சென்று பார்த்தால், பல வீடுகளில் அது கோழிக்கூண்டின் மேல் சாய்ந்து கிடக்கிறது. கேட்டால், "பஞ்சர் ஆயிடுச்சு", "செயின் கழன்டுக்கிட்டே இருக்கு" என்று பதில் வரும். இவற்றால் நட்டம் பணத்தோடு போய்விடும். ஆனால் சில பையன்கள், "பிரேக் பிடிக்கல, பரவால்ல, காலை ஊனிக்குவேன்" என்று சொல்லிக்கொண்டு அப்படியே ஓட்டுகிறார்கள். இன்றைய பேச்சு முக்கியமாக அந்தப் பையன்களின் பெற்றோருக்காக.

என் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நாங்கள் ரப்பர் தோட்டத்து லயத்தில் குடியிருந்த காலம். அப்பாவிடம் ஒரு பழைய கறுப்புச் சைக்கிள் இருந்தது. விடியற்காலையில் அதில்தான் பால் வாளிகளைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் என்னைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு, லயத்துக்குப் பின்னாலிருந்த மேட்டிலிருந்து இறங்கினார். பாதி வழியில் பிரேக்கை அழுத்தினார். ரிம்மில் இரும்பு உரசும் சத்தம் கேட்டது. வண்டி நிற்கவில்லை. நாங்கள் போய் விழுந்தது கீழே இருந்த கால்வாயில். எனக்குச் சிராய்ப்பு, அண்ணனுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் வந்ததில் அம்மாவுக்கு ஒரு வாரச் சம்பளம் போயிற்று.

அப்பா எங்களை அடிக்கவில்லை, திட்டவுமில்லை. மறு ஞாயிறு சைக்கிளை வாசலில் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, "இங்க வா தம்பி, இதப் பாரு" என்றார். பிரேக் கட்டையில் ரப்பர் முழுவதும் தேய்ந்து, இரும்பு மட்டும் மிஞ்சியிருந்தது. "நாம வெட்டுறதே ரப்பர்தான். நம்ம சைக்கிள்ல ஓர் அங்குல ரப்பர் இல்லையே, பாத்தியா?" என்றார். அன்று நான் கற்ற பாடம்தான் இந்தப் பேச்சின் சாரம்: ஓட்டுகிறவனுக்குப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும்.

சைக்கிளுக்கும் நம் பிழைப்புக்கும் உள்ள உறவு பழையது. 1888ஆம் ஆண்டில் அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் ஜான் பாய்ட் டன்லப் என்ற கால்நடை வைத்தியர் காற்றடைத்த டயருக்கு உரிமை பதிவு செய்தார். மகனின் மூன்று சக்கரச் சைக்கிள் குலுங்காமல் ஓட வேண்டும் என்பதற்காகவே அவர் அதை முதலில் செய்து பார்த்தார். அதன்பின் உலகெங்கும் சைக்கிள் பரவியது, ரப்பருக்குத் தேவை பெருகியது, பிறகு மோட்டார் வண்டியும் வந்தது. அந்தத் தேவையை நிறைவேற்றத்தான் மலாயாவில் காடு திருத்தி ரப்பர் நட்டார்கள். நம் பாட்டன் பூட்டன் கப்பலேறி வந்தார்கள்.

இந்த வட்டாரமும் சைக்கிள் படையைக் கண்டதுதான். 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை கெடா வழியாகத் தெற்கே வந்தபோது, காலாட்படையினர் பலர் சைக்கிளில் வந்தனர். பிரிட்டிஷ் படை பின்வாங்கிக் கிரியான் ஆற்றோரம் தடுப்பு வைத்தது. டயர் கிழிந்தால் ஜப்பானியர் வெறும் ரிம்மிலேயே ஓட்டிச் சென்றனர். பழுது பார்க்கத் தெரிந்தவர்களும் அந்தப் படையோடு கூடவே வந்தார்கள். அந்த ஆட்சியில் நம் மக்கள் பட்ட துன்பம் தனிக் கதை. ஒரு படையின் வேகம்கூடப் பழுது பார்ப்பவன் கையில் இருந்தது என்பதை மட்டும் இங்கே மனத்தில் கொள்வோம்.

மலைச் சைக்கிள் விளையாட்டு பிறந்த கதையும் இதைத்தான் சொல்கிறது. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில், தமல்பாய்ஸ் மலைப் பக்கத்து இளைஞர்கள் சிலர் 1970களில் பழைய கனத்த சைக்கிள்களைத் தேடிப் பிடித்து, மலைப் பாதையில் இறக்கி ஓட்டினார்கள். 1976 அக்டோபரில் அங்கே ஒரு செங்குத்தான பாதையில் பந்தயம் தொடங்கினார்கள். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பழைய பிரேக்கு அந்தச் சைக்கிள்களில் இருந்தது. ஒருமுறை கீழே இறங்குவதற்குள் அது சூடேறி, உள்ளிருக்கும் கிரீஸ் புகைந்து போகும். மறுபடி ஓட்டுவதற்குமுன் சக்கரத்தைக் கழற்றிப் புதுக் கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் அந்தப் பாதைக்கே 'ரீபேக்', அதாவது 'மீண்டும் அடை' என்று பெயர் வந்தது. இப்படிக் கையில் கிரீஸ் படிந்த இளைஞர்கள் வளர்த்த விளையாட்டு, 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் இடம்பெற்றது.

இனி, நம் வீட்டில் செய்ய வேண்டியதைப் பார்ப்போம். மூன்று பொருள்களை நினைவில் வையுங்கள்: காற்று, பிரேக், செயின். ஏறுமுன் இவற்றைப் பார்க்க இரண்டு நிமிடம் போதும்.

முதலில் காற்று. எவ்வளவு காற்று அடிக்கலாம் என்ற அளவு டயரின் பக்கவாட்டிலேயே அச்சிட்டிருக்கும். அதற்கு மேல் போகக்கூடாது. செம்மண் பாதைக்குச் சற்றுக் குறைவாக இருந்தால் பிடிப்பு நன்றாக இருக்கும். மிகவும் குறைந்தால் கல்லில் ஏறும்போது டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கி, பாம்பு கடித்தது போல அருகருகே இரண்டு ஓட்டை விழும். அப்படி இரட்டை ஓட்டை கண்டால் முள்ளைத் தேட வேண்டாம். காற்றுக் குறைவு என்று அறிந்துகொள்ளுங்கள்.

அடுத்து பிரேக். கைப்பிடியோடு ஒட்டும் வரை பிரேக் பிடி வந்தால், கம்பி தளர்ந்திருக்கிறது அல்லது கட்டை தேய்ந்திருக்கிறது என்று பொருள். கம்பி தளர்ந்திருந்தால் பிடிக்கு அருகிலுள்ள சிறு திருகை வெளிப்பக்கமாகச் சிறிது திருப்பி இறுக்கலாம். கட்டையில் உள்ள பள்ளக் கோடு மறைந்துவிட்டால் புதுக் கட்டை போடுவதுதான் வழி. கட்டை ரிம்மில் மட்டும் படியவேண்டும்; டயரில் பட்டால் டயர் அறுந்துவிடும். பிரேக் கம்பியில் ஓர் இழை பிரிந்திருந்தாலும் அன்றே மாற்றுங்கள். மிச்ச இழைகள் அறுவதற்கு ஓர் இறக்கம் போதும். எண்ணெய்க் கையால் ரிம்மைத் தொடாதீர்கள். வட்டத் தகடு பிரேக்கானால் தகட்டில் எண்ணெய் துளியும் படக்கூடாது. நீண்ட இறக்கம் இறங்கியவுடன் அந்தத் தகட்டைத் தொட்டால் கை சுட்டுவிடும்.

மூன்றாவது செயின். செயினுக்குச் சமையல் எண்ணெய் விடும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. அது நாளடைவில் பிசினாகிச் செம்மண் தூசியைப் பிடித்துக்கொள்ளும். அந்தத் தூசி உப்புத்தாள் போலச் செயினைத் தேய்த்துவிடும். பழந்துணியால் செயினைத் துடையுங்கள். சைக்கிளுக்குரிய எண்ணெயை ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு வீதம் விட்டு, பெடலைப் பின்னோக்கிச் சுற்றுங்கள். மேலே மிஞ்சிய எண்ணெயைத் துடைத்துவிடுங்கள். செயின் தேய்ந்ததா என்று அறிய இரும்பு அளவு நாடா போதும். ஓர் ஆணியின் நடுவிலிருந்து 24 இடைவெளி தாண்டினால் சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். அதற்கு மேல் வீசம் அங்குலம், அதாவது ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் கூடிவிட்டால் செயினை மாற்றிவிடுங்கள். தள்ளிப் போட்டால் பல் சக்கரங்களும் தேய்ந்து, செலவு பல மடங்காகும்.

பஞ்சர் ஒட்டுவதை வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் எளிதாகக் கற்றுக்கொள்ளலாம். டயரைக் கழற்ற அதற்குரிய நெம்பு கட்டையைப் பயன்படுத்துங்கள். திருப்புளி டியூபைக் குத்திவிடும். டியூபில் காற்றடித்து வாளித் தண்ணீரில் அமுக்கினால் ஓட்டையிலிருந்து குமிழி வரும். அந்த இடத்தில் அடையாளம் போட்டு நன்றாக உலர்த்துங்கள். பிறகு டயரின் உட்பக்கத்தைத் துணியால் தடவிப் பாருங்கள். விரலால் தடவ வேண்டாம். செம்பனை மட்டையின் முள் உள்ளே ஒடிந்து நின்றால் விரலைக் கிழித்துவிடும். அந்த முள்ளை எடுக்காமல் டியூபை மட்டும் ஒட்டினால் மறுநாளே மீண்டும் பஞ்சர்தான்.

ஓட்டையைச் சுற்றி உப்புத்தாளால் தேய்த்து, ரப்பர் பசையை மெல்லிதாகத் தடவுங்கள். இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். பசை ஈரமாக இருக்கும்போது ஒட்டைப் போடக்கூடாது. ஐந்து நிமிடம் பொறுத்து, பளபளப்பு மங்கிய பின் ஒட்டை வைத்து நன்றாக அழுத்துங்கள். அந்தப் பசை சட்டென்று தீப்பிடிக்கும், அடுப்பருகே வேண்டாம்.

பழுது பார்த்தாயிற்று, ஓட்டுவது எப்படி? இறங்குமுன் மேட்டு உச்சியில் ஒருமுறை நின்று, இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பாருங்கள். எந்தப் பிடி எந்தச் சக்கரத்துக்கு என்பது பிள்ளைக்குத் தெரிந்திருக்கட்டும். இறக்கத்தில் முன் பிரேக்கை மட்டும் திடீரென்று பிடித்தால் ஆள் தலைகுப்புற விழுவான். இரண்டையும் சேர்த்து, மெல்ல மெல்லப் பிடிக்க வேண்டும். உடம்பைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளி, இரண்டு பெடலும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி நிற்பது நல்லது. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். வளைவில் பிரேக் அழுத்தினால் சரளைக் கல் சறுக்கிவிடும்.

மழை பெய்த செம்மண் சவுக்காரம் போல வழுக்கும். அன்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவதில் வெட்கமில்லை. கால்வாய் மேல் போட்ட பலகைப் பாலத்தை நேராகக் கடக்க வேண்டும். சாய்வாகப் போனால் பலகை இடுக்கில் சக்கரம் சிக்கும். பழக்குலை ஏற்றிவரும் லாரிக்கும் டிராக்டருக்கும் ஒதுங்கி வழிவிடுங்கள். தோட்டப் பாதையில் ஓட்டலாமா என்று நிர்வாகத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். இருட்டுமுன் வீடு திரும்பிவிட வேண்டும்.

தலைக்கவசம் கட்டாயம். அது புருவத்துக்கு மேல் இரண்டு விரல் அகலத்தில் உட்கார வேண்டும். பின்னுக்குத் தள்ளிப் போட்டால் நெற்றிக்குக் காப்பில்லை. வார் தாடைக்குக் கீழே இறுக்கமாக இருக்கட்டும். ஒருமுறை பலமாக அடிபட்ட கவசம், வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே நொறுங்கியிருக்கலாம். அதை மறுபடி போடக்கூடாது.

கடைசியாக, பெற்றோரிடம் ஒரு வார்த்தை. 2017 பிப்ரவரி 18ஆம் நாள் அதிகாலை, ஜொகூர் பாருவில் சைக்கிளோடு சாலையில் இருந்த சிறுவர் கூட்டத்தின் மீது கார் மோதி, எட்டுப் பேர் உயிரிழந்தார்கள். 'லாஜாக்' என்று சொல்லப்படும், பிள்ளைகள் தாங்களே மாற்றியமைத்த சைக்கிள்களைப் பற்றி நாடு முழுவதும் பேசியது அப்போதுதான். பிரேக்கைக் கழற்றி எறிவதை வீரம் என்று நினைக்கும் வயது ஒன்று உண்டு. அந்த வயதுப் பிள்ளையை "ஓட்டாதே" என்று அதட்டினால், நம் கண்ணுக்கு மறைவாகப் போய் ஓட்டுவான். அவனோடு உட்கார்ந்து சைக்கிளைப் பிரித்துப் பூட்டினால், தானே பூட்டிய பிரேக்கைக் கழற்ற அவனுக்கு மனம் வராது.

என் அண்ணனுக்குத் தோள் கூடியபின், அந்தச் சைக்கிளுக்குப் புதுப் பிரேக் கட்டை பூட்டியது அவர் கைதான். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, மேட்டைக் காட்டி, "இப்பப் போய்ட்டு வா" என்றார்.

வரும் ஞாயிற்றுக்கிழமை, கோழிக்கூண்டில் சாய்ந்திருக்கும் அந்தச் சைக்கிளை வாசலுக்குக் கொண்டுவந்து கவிழ்த்து வையுங்கள். பிள்ளையைக் கூப்பிட்டு, முதலில் பிரேக் கட்டையைக் காட்டுங்கள்.