முக்தாம்பாளின் வாரிசுகள்

போர்ச்சுகலை 1385 முதல் 1433 வரை ஆண்ட மன்னர் முதலாம் ஜானுக்கு இனேஸ் பீரஸ் என்றோர் ஆசைநாயகி இருந்தார். அவர் பெற்ற மகன் அபோன்சோ 1442-இல் பிரகான்சாக் கோமகன் ஆனார். அவர் வழி வந்தவர்களே 1640 முதல் 1910 வரை அந்நாட்டு அரியணையில் அமர்ந்தார்கள். அக்குலத்து இளவரசி கேத்தரினை இங்கிலாந்து அரசருக்குக் கொடுத்தபோது, 1661 ஒப்பந்தப்படி போன சீதனத்தில் நம் பம்பாயும் ஒன்று!

நம் தஞ்சையிலும் இப்படி ஒரு பெண்மணி உண்டு. மன்னர் இரண்டாம் சரபோஜியின் மனங்கவர்ந்த முக்தாம்பாள். தம் பெயரால் அறம் நடக்க வேண்டும் என்பதே அவருடைய கடைசி ஆசை என்பர். அதன்படி 1802 வாக்கில் ஒரத்தநாட்டில் எழுந்ததே முக்தாம்பாள் சத்திரம். 1799-இல் நாட்டின் நிர்வாகம் கும்பெனியார் கைக்குப் போன பிறகும் சத்திரங்களை மட்டும் சரபோஜி விட்டுக் கொடுக்கவில்லை. எல்லாச் சாதியாருக்கும் அங்கே சோறு உண்டு. நோயாளிக்கு மருந்தும், கர்ப்பிணிக்குப் பராமரிப்பும், அநாதைக்கு ஆதரவும் உண்டு என்று 1801-இல் அவர் கடிதமே எழுதினார். முக்தாம்பாள் சத்திரத்திலோ இலவசக் கல்வியும் நடந்தது.

இனேஸின் வாரிசுகள் முடி சூடினார்கள். முக்தாம்பாளுக்கோ, அங்கே பசியாறியவர்களும் படித்தவர்களுமே வாரிசுகள்.

நம் முன்னோர் தோண்டிய தங்கம் எங்கோ போயிற்று. 2001-இல் சுரங்கமும் மூடிற்று. ஓர் ஏழைப் பிள்ளையின் படிப்புக்கு நாம் கொடுப்பது மட்டும் இம்மண்ணிலேயே நிற்கும். தஞ்சைப் பக்கம் போகும் தங்கவயல் அன்பர்கள், பட்டுக்கோட்டைச் சாலையில் ஒரத்தநாட்டில் இறங்கி அந்தச் சத்திரத்தைப் பார்த்து வாருங்கள்.