எசெக்கிபோ எல்லைப் பிணக்கு

எசெக்கிபோ எல்லைப் பிணக்கு என்பது தென் அமெரிக்காவின் வடகரையில் உள்ள வெனிசுவேலா, கயானா ஆகிய அண்டை நாடுகளுக்கிடையே, எசெக்கிபோ ஆற்றுக்கு மேற்கிலுள்ள நிலப்பகுதி தொடர்பாக நிலவும் பிணக்கு ஆகும். ஏறத்தாழ 1,59,500 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இப்பகுதி கயானாவின் ஆட்சியில் உள்ளது. இது அந்நாட்டின் மொத்தப் பரப்பில் மூன்றில் இரண்டு பங்குக்கும் அதிகமாகும். எனவே வெனிசுவேலாவுக்கு இது ஓர் எல்லைக் கோரிக்கை. கயானாவுக்கோ நாடு நிலைக்குமா என்ற கேள்வி.

தோற்றம்

நெதர்லாந்தின் குடியேற்றங்களாக இருந்த எசெக்கிபோ, தெமராரா, பெர்பீசு ஆகியவை 1814 ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி பிரித்தானியாவுக்குக் கிடைத்தன. ஆனால் அவ்வுடன்படிக்கை மேற்கு எல்லையை வரையறுக்கவில்லை. பின்னர் ராபர்ட் சோம்பர்க் என்பவர் நிலத்தை அளந்து பிரித்தானியாவுக்காக ஓர் எல்லைக்கோட்டை வரைந்தார். எசுப்பானிய ஆட்சிக்காலம் முதலே எசெக்கிபோ ஆறுதான் தன் கிழக்கு எல்லை எனக் கூறி வெனிசுவேலா அதை எதிர்த்தது.

1895 இல் ஐக்கிய அமெரிக்கா, மன்றோ கொள்கையைச் சுட்டிக்காட்டி இதில் தலையிட்டது. இதன் விளைவாக ஐவர் கொண்ட நடுவர் மன்றம் அமைந்தது. இருவர் பிரித்தானியர், இருவர் அமெரிக்கர். தலைவர் உருசியச் சட்ட அறிஞர் மார்ட்டென்சு. வெனிசுவேலர் ஒருவர்கூட அதில் இடம்பெறவில்லை. 1899 அக்டோபர் 3 அன்று பாரிசில் வெளியான தீர்ப்பு, ஒரினோகோ ஆற்றின் முகத்துவாரத்தை வெனிசுவேலாவுக்கும், எஞ்சிய பெரும்பகுதியைப் பிரித்தானியாவுக்கும் அளித்தது.

மீண்டும் எழுந்த கோரிக்கை

வெனிசுவேலாவின் வழக்கறிஞர்களில் ஒருவரான மாலெட்-பிரெவோ எழுதிய குறிப்பு அவரது மறைவுக்குப்பின் 1949 இல் வெளியானது. தீர்ப்பு மறைமுக உடன்பாட்டால் எட்டப்பட்டது என்று அது கூறியது. இதனை ஆதாரமாகக் கொண்டு, தீர்ப்பு செல்லாது என 1962 இல் வெனிசுவேலா ஐக்கிய நாடுகள் அவையில் அறிவித்தது.

கயானா விடுதலை பெறுவதற்குச் சில மாதங்களுக்கு முன், 1966 பெப்ரவரியில் ஜெனீவா உடன்பாடு கையெழுத்தானது. பேச்சுவார்த்தை பலனளிக்காவிட்டால், தீர்வுக்கான வழியை ஐ.நா. பொதுச்செயலாளர் தேர்ந்தெடுக்கலாம் என்பது அதன் முக்கியக் கூறு. எனினும் அதே ஆண்டு அக்டோபரில் அன்கோகோ தீவு முழுவதையும் வெனிசுவேலா கைப்பற்றியது.

எண்ணெயும் பாதுகாப்பும்

2015 இல் கயானாவின் கடற்பகுதியில் பெருமளவு எண்ணெய் கண்டறியப்பட்டதும் பிணக்கு கூர்மையடைந்தது. 2023 டிசம்பர் 3 அன்று வெனிசுவேலா நடத்திய பொதுவாக்கெடுப்பு, இப்பகுதியைத் தன் மாநிலமாக்குவது பற்றியும் மக்களிடம் கேட்டது. சில ஆயிரம் வீரர்களே கொண்ட கயானாவின் படை, வெனிசுவேலாவின் படைக்கு ஈடாகாது. ஆகவே அது பன்னாட்டுச் சட்டத்தையும் அண்டை நாடுகளின் ஆதரவையுமே பெரிதும் சார்ந்துள்ளது.

இரு நாடுகளுக்கும் எல்லை நாடான பிரேசில், தன் ரொரைமா மாநில எல்லையில் படையை வலுப்படுத்தியது. எல்லைக் காடுகளைக் கடப்பது கடினம் என்பதால், தரைப்படை பிரேசில் வழியே நுழைய நேரிடலாம் என்பதே இதற்குக் காரணம். பிரேசிலும் கரிபியன் சமூகமும் ஆதரவளித்த முயற்சியால், டிசம்பர் 14 அன்று இரு நாட்டு அதிபர்களும் செயிண்ட் வின்சென்டில் சந்தித்து, ஒருவர்மீது ஒருவர் வலிமையைப் பயன்படுத்துவதில்லை என ஆர்கைல் அறிக்கையில் உறுதியளித்தனர்.

நீதிமன்ற வழக்கு

பொதுச்செயலாளர் குட்டரெசின் தேர்வின்படி, கயானா 2018 இல் பன்னாட்டு நீதிமன்றத்தை அணுகியது. வழக்கை விசாரிக்கத் தனக்கு அதிகாரம் உண்டு என நீதிமன்றம் 2020 இல் முடிவு செய்தது; வெனிசுவேலா அதை ஏற்கவில்லை. அப்பகுதிக்கெனத் தேர்தல் நடத்த வேண்டாம் என 2025 மே 1 அன்று நீதிமன்றம் ஆணையிட்டபோதும், அம்மாதமே வெனிசுவேலா எசெக்கிபோவுக்கென ஆளுநரைத் தேர்ந்தெடுத்தது.

இந்நீதிமன்றத்தின் தீர்ப்பு இரு தரப்பையும் கட்டுப்படுத்தும். ஆனால் அதை நிறைவேற்றும் பொறுப்பு பாதுகாப்பு அவையைச் சார்ந்தது. அங்கு வல்லரசுகளுக்குத் தடுப்புரிமை உண்டு. 1899 இல் தாளில் முடிந்த வழக்கு நிலத்தில் முடியவில்லை. தீர்ப்பு எதுவாயினும், தோற்கும் தரப்பு அதை ஏற்றால் மட்டுமே அங்கு வாழும் ஏறத்தாழ 1,25,000 மக்கள் எந்நாட்டவர் என்ற ஐயம் நீங்கும்.