மறுவாழ்வுப் பணியும் வக்ஃப் நெறியும்

திருமறையின் 80ஆம் அத்தியாயமான ‘அபஸ’, பார்வையற்ற நபித்தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களின் பொருட்டு அருளப்பெற்ற வரலாற்றை நாம் அனைவரும் அறிவோம். அவ்வரலாற்றின் பிற்பகுதியை நாம் அவ்வளவாக நினைவுகூர்வதில்லை. அத்தோழர் மதீனாப் பள்ளியில் பாங்கு சொல்பவராக விளங்கினார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வெளியூர் சென்ற காலங்களில் மதீனாவின் பொறுப்பையும் அவரிடம் ஒப்படைத்துச் சென்றதுண்டு. ஒருவர்பால் காட்டப்பெற்ற பரிவு ஒரு நாளோடு நின்றுவிடாமல், சமூகத்தில் அவருக்கு நிலையான ஓர் இடமாக மலர்ந்தது. மறுவாழ்வு என்னும் சொல்லின் முழுப்பொருள் இதுவே எனலாம்.

மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கான அறப்பணிகள் நம் மக்களிடையே ஆர்வத்தோடு தொடங்கப்பெறுகின்றன. ஆனால் அவற்றுள் பல, திறப்பு விழாக் கல்வெட்டின் எழுத்து மங்குமுன்பே மூடப்பட்டு விடுகின்றன. நாம் அறிந்த ஒரு மையம் இரண்டு ரமளான்களைக் கண்டது, மூன்றாவதைக் காணவில்லை. கட்டடமும் கருவிகளும் அப்படியே இருந்தன. இயன்முறைப் பயிற்சியாளருக்கு ஊதியம் தர மட்டும் வழியில்லாமற் போயிற்று.

இதனால் விளையும் இழப்பு பெரிது. கண்புரை அறுவை முகாம் ஒரு நாளில் பயன் தந்து முடியும். மூளை முடக்குவாதமுற்ற குழந்தையின் நிலை அத்தகையதன்று. குழந்தை வளர வளர எலும்பு நீளும். பயிற்சி நின்றால் தசைகள் இறுகி, மூட்டுகள் மடங்கியவாறே நின்றுவிடக்கூடும். காலுக்குப் பொருத்திய காலிபரையும் வளர்ச்சிக்கேற்ப மாற்றியாக வேண்டும். பாதியில் கைவிடப்பட்ட பணி, குழந்தையைத் தொடங்கிய இடத்திற்கும் பின்னே தள்ளிவிடலாம்.

அவ்வாறாயின் ஓர் அறப்பணி நிலைத்து நிற்க வழி என்ன? நமது மரபிலேயே அதற்கு விடை உண்டு. உமர் (ரலி) அவர்கள் கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தைப் பற்றி நபிகளாரிடம் (ஸல்) ஆலோசனை கேட்டார்கள். அந்நிலம் விற்கப்படாமலும் அன்பளிப்பாக்கப்படாமலும் வாரிசுரிமைக்கு உட்படாமலும் நிறுத்தி வைக்கப்பெற்றது. விளைச்சல் மட்டும் ஏழைகளுக்கும் உறவினர்க்கும் வழிப்போக்கர்க்கும் பிறர்க்கும் அறமாகச் சென்றது. அதை நிர்வகிப்பவர் நியாயமான அளவில் அதிலிருந்து உண்ணலாம் என்ற விதியும் உடன் வகுக்கப்பெற்றது. இதில் மூன்று நெறிகள் அடங்கியுள்ளன: முதல் கரையலாகாது, பயன்பெறுவோர் யாரெனத் தெளிவு வேண்டும், உழைப்பவருக்கு உரிய கூலி உண்டு.

மூன்றாவது நெறியையே நாம் பெரிதும் மறந்துவிட்டோம். கட்டடத்திற்கும் சக்கர நாற்காலிக்கும் வாரி வழங்கும் கைகள், சிறப்பாசிரியரின் மாத ஊதியம் என்றதும் தயங்குகின்றன. ஜகாத்திலும் ஒரு நுட்பம் உண்டு. அது ஏழையின் உடைமையாக்கப்பட வேண்டும் என்பது ஹனஃபி சட்ட அறிஞர்களின் நிபந்தனை. ஆகவே கட்டடத்திற்கோ ஊழியர் ஊதியத்திற்கோ அதை நேரடியாகச் செலவிட அவர்கள் இடம் தருவதில்லை. ஜகாத்தை ஏழைக் குடும்பத்தின் பயணச் செலவுக்கும் காலிபருக்கும் மருந்துக்கும் அக்குடும்பத்தாரின் கையிலேயே வழங்கலாம். ஊதியத்திற்கு வக்ஃப் வருவாயும் மாதந்தோறும் வரும் ஸதக்காவுமே ஏற்றவை. ரமளானில் மொத்தமாக வருவதைப் பன்னிரண்டு மாதங்களுக்குப் பகிர்ந்து திட்டமிடுவோரே நிலைக்கின்றனர். சிறிதாயினும் இடைவிடாது செய்யப்படும் நற்செயலே இறைவனுக்கு மிக உவப்பானது என்ற நபிமொழியை இங்கு எண்ணிப் பார்க்கலாம்.

வெளிநாட்டு நிதியை மட்டும் நம்புவதும் ஆபத்தே. 2020ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம், அந்நிதியில் நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைத்தது. ஒரே ஊற்றை நம்பிய வயல் முதலில் காயும்.

தமிழகத்தில் நிலைத்து நின்ற பணிக்கு ஆய்க்குடியின் அமர் சேவா சங்கம் ஒரு சான்று. 1975இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழ் செயலிழந்த எஸ்.இராமகிருஷ்ணன் 1981இல் அதனைத் தொடங்கினார். தசைச்சிதைவு நோயுற்ற பட்டயக் கணக்கர் எஸ்.சங்கரராமன் 1992இல் இணைந்தார். நிறுவனர் ஒருவர் தோளிலேயே சுமை கிடக்கவில்லை. கணக்கறிந்த இரண்டாமவர் கிடைத்தார். மையத்திற்கு வர இயலாத குழந்தையை நாடி, பயிற்சி பெற்ற களப்பணியாளர்கள் சிற்றூர்களுக்கே சென்றனர். பெற்றோரும் பயிற்சி பெற்றனர். தாயின் கைக்கு வந்த பயிற்சி, நிதி தடைப்பட்டாலும் வீட்டில் தொடரும்.

இது திருச்சிக்கும் திருவரங்கத்திற்கும் மிகப் பொருந்தும். காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட தீவில் வாழும் தாய், நடக்கவியலாத பிள்ளையை இடுப்பில் சுமந்து பேருந்தேறி ஆற்றைக் கடந்தே நகரத்திற்கு வர வேண்டும். 2022ஆம் ஆண்டின் இறுதியில் காவிரிப் பாலம் பழுதுபார்ப்பிற்காக மூடப்பட்டு, 2023இல்தான் திறக்கப்பட்டது. பாலம் மூடினால் பயிற்சியும் நிற்கும் என்னும் நிலையில் ஒரு திட்டம் அமையலாகாது. வாரம் இருமுறை பயிற்சியாளர் தீவுக்குச் செல்வது, நாள்தோறும் ஒரு தாய் நகரத்திற்கு வருவதைவிட எளிது.

தேர்ந்த பணியாளர்க்கும் இங்குப் பஞ்சமில்லை. திருச்சி ஹோலி கிராஸ் கல்லூரியில் மறுவாழ்வு அறிவியலுக்கென ஒரு துறையே உண்டு. கொடை நிலைத்து நிற்பதற்கும் இவ்வூரிலேயே முன்மாதிரி இருக்கிறது. ஹாஜி எம்.ஜமால் முஹம்மது சாஹிப், என்.எம்.காஜாமியான் ராவுத்தர் ஆகியோரின் வள்ளன்மையால் 1951இல் எழுந்த ஜமால் முஹம்மது கல்லூரி, நிறுவியோர் காலத்திற்குப் பின்னும் எல்லாச் சமயத்து மாணவர்க்கும் கல்வி தருகிறது.

ஆகவே ஜமாஅத் நிர்வாகிகளிடம் நாம் வேண்டுவது ஒன்றே. புதிய கட்டடத்திற்கு அடிக்கல் நாட்டுமுன், பள்ளிவாசலுக்குரிய கடைகளுள் ஒன்றின் வாடகையையேனும், வக்ஃப் செய்தவரின் நிபந்தனை இடந்தருமாயின், ஒரு பயிற்சியாளரின் ஊதியத்திற்கென எழுதி வையுங்கள். அவ்வாறு இடமில்லையெனில், நால்வர் கூடிப் புதிதாய் ஒரு சிறு வக்ஃபை ஏற்படுத்துங்கள். ஆண்டுதோறும் கணக்கை மக்கள் முன் வையுங்கள். தன் பிள்ளையின் காலை நீட்டி மடக்கக் காத்திருக்கும் தாய்க்கு, அடுத்த வாரமும் அக்கதவு திறந்திருக்கும் என்னும் உறுதியே நாம் தரத்தக்க முதற்பெரும் தர்மமாகும். வல்ல இறைவன் அதற்கு நமக்கு நல்லருள் புரிவானாக!