தாலி இருந்தால் வாழ்த்து, இல்லாவிட்டால் திட்டு? சுகாதாரக் கல்வியாளர் பயிற்சியில் விடுபடும் பாடம்

கிருஷ்ணகிரி மாவட்டம், கெலமங்கலம். இங்குள்ள ஒரு சுகாதார நிலையத்துக்கு ஒரே நாளில் 2 பெண்கள் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் பெண்ணுக்கு 16 வயது, மலைக் கிராமம், கழுத்தில் தாலி, 3 மாதக் கர்ப்பம். அடுத்தவருக்கு 19 வயது. ஆலையில் வேலை, விடுதியில் தங்கல், திருமணம் ஆகவில்லை. அவருக்கும் நாள் தள்ளிப்போயிருக்கிறது.

முதல் பெண்ணுக்கு "உடம்பைப் பார்த்துக்கோ கண்ணு" என்ற அக்கறை கிடைக்கும். இரண்டாமவருக்கோ "கல்யாணம் ஆகலையா? வீட்டுக்குத் தெரியுமா?" என்ற கேள்விதான் முதலில் வரும். ஆனால், சட்டம் சொல்வது நேர் எதிர்.

சட்டம் என்ன சொல்கிறது?

2012-ல் வந்த போக்சோ சட்டப்படி 18 வயதுக்கு உட்பட்ட எவரும் குழந்தைதான். மனைவியே ஆனாலும் 18 வயதுக்குள் உறவு கொள்வது பாலியல் வன்கொடுமை என்று 2017 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே 16 வயதுப் பெண் விஷயத்தில் தகவல் தெரிந்தவர் புகார் தெரிவித்தே ஆக வேண்டும். மறைத்தால் 6 மாதம் வரை சிறை. நிறுவனத் தலைவர் என்றால் ஓராண்டு வரை. 2024-ல் இதே மாவட்டத்தில் நடந்த போலி என்.சி.சி. முகாம் வழக்கில், விஷயத்தை மறைத்ததாகப் பள்ளி நிர்வாகத்தினரும் கைதானது நினைவிருக்கலாம்.

19 வயதுப் பெண்ணோ வயது வந்தவர். கருவைக் கலைக்க விரும்பினால் அவருடைய சம்மதம் மட்டும் போதும். சட்டம் அனுமதிக்கும் 24 வார வரம்பில் மணமாகாதவர் என்று பாகுபாடு காட்டக் கூடாது என 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது. அவர் பெயரை வெளியே சொல்வதுதான் குற்றம்.

படித்தவர்களுக்கும் தயக்கம் ஏன்?

சுகாதாரக் கல்வி படிக்கும் மாணவர்களுக்குக் கருத்தடை முறைகள், எச்.ஐ.வி. பரவும் விதம் எல்லாம் அத்துப்படியாக இருக்கலாம். தேர்வில் மதிப்பெண்ணும் வாங்கிவிடுவார்கள். ஆனால் அறிவு வேறு, மனப்பான்மை வேறு. "இதெல்லாம் தப்பு" என்று வீட்டிலும் ஊரிலும் கேட்டு வளர்ந்த குரல், பட்டம் வாங்கியதும் போய்விடாது. எதிரில் உட்கார்ந்திருப்பவர் அதை முகத்திலேயே படித்துவிடுவார். அடுத்த முறை வர மாட்டார். மருந்துக் கடை மாத்திரையையோ போலி மருத்துவரையோ தேடிப் போவார்.

இதற்கு வரலாறும் ஒரு காரணம். 1964-ல் தொடங்கிய காந்திகிராம கிராமிய சுகாதார, குடும்பநல நிறுவனம் தமிழகத்தில் சுகாதாரக் கல்வியாளர்களுக்குப் பயிற்சி தரும் முன்னோடி அமைப்பு. அந்தக் காலத்தில் அரசின் குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரச்சாரம் பேசியதெல்லாம் திருமணமான தம்பதிகளிடம்தான். மணமாகாதவர் அந்தக் கணக்கிலேயே இல்லை. 10 முதல் 19 வயது வரையிலானவர்களுக்கென்று தேசிய வளரிளம் பருவத்தினர் நலத்திட்டம் வந்ததே 2014-ல்தான். அதற்கு முன், 2007 வாக்கில், பள்ளிகளில் வளரிளம் பருவக் கல்வியைக் கர்நாடகம் உட்படப் பல மாநிலங்கள் நிறுத்திவைத்தன.

சொல்லித்தந்தால் கெட்டுப்போவார்களா?

இல்லை. பாலியல் கல்வியால் இளையோர் முன்கூட்டியே உறவில் இறங்குவதில்லை என்பதே யுனெஸ்கோ 2018-ல் வெளியிட்ட வழிகாட்டி தொகுத்த ஆய்வுகளின் முடிவு. சென்னை வழக்கு ஒன்றின் மேல்முறையீட்டில் 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் இந்தத் தவறான எண்ணத்தைச் சுட்டிக்காட்டியது.

பயிற்சியில் என்ன செய்யலாம்?

மாணவர்களின் மனப்பான்மையையே பாடமாக எடுக்கும் முறை பல நாடுகளில் உண்டு. "மணமாகாதவருக்கு ஆணுறை தரலாமா?" போன்ற ஒரு கேள்வியைக் கேட்டு, ஆமாம் என்பவர் ஒரு பக்கம், இல்லை என்பவர் மறுபக்கம் நிற்க வேண்டும். பிறகு ஏன் என்று பேச வேண்டும். பெயர் எழுதாமல் சீட்டில் சந்தேகம் கேட்பது இன்னொரு வழி. யாருடைய நம்பிக்கையையும் மாற்றுவது இதன் நோக்கமில்லை. 'என் கருத்து என்னோடு. வந்தவருக்குத் தேவை தகவல்' என்று பிரித்துப் பார்க்கப் பழகுவதுதான்.

கெலமங்கலம், தளி, அஞ்செட்டி பகுதிகளில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்குகின்றன. மாதவிடாய்க்கும் உடல் உறுப்புகளுக்கும் மக்கள் வீட்டில் சொல்லும் சொற்களைக் கூச்சமில்லாமல் சொல்லப் பழகுவதும் பயிற்சியில் சேர வேண்டும்.

அதன் பிறகு, அந்த 19 வயதுப் பெண்ணிடம் கேட்கும் முதல் கேள்வி மாறும்: "கடைசியா எப்போம்மா தலைக்குக் குளிச்சீங்க?" 16 வயதுப் பெண்ணிடம் கேட்பதும் மாறும்: "உனக்கு எத்தனை வயசு கண்ணு?" அந்தப் பதிலுக்குப் பின் அழைக்க வேண்டிய எண் 1098.