தோண்டாமலே தாமிரம் தேடலாமா?

பிளஸ் டூவில் படித்த ஃபாரடே விதி ஞாபகம் இருக்கா? தாது தேடவும் அதுதான் அடிப்படை. ஒரு கம்பிச்சுருளில் மாறுமின்னோட்டம் செலுத்தினால், அதன் காந்தப்புலம் மண்ணுக்குள் இறங்கும். கீழே மின்கடத்தும் தாது இருந்தால் அதில் சுழல் மின்னோட்டம் உருவாகி, சின்னதாக ஒரு எதிர்ப்புலத்தைத் திருப்பி அனுப்பும். அதை இன்னொரு சுருள் பிடிக்கும். அதிர்வெண் குறையக் குறைய, இன்னும் ஆழமாகப் பார்க்கலாம்.

கனடாவில் டிம்மின்ஸ் ஊர்ப்பக்கம் வானில் பறந்து இப்படித் தேடியதில் கிடைத்த தடயம்தான் கிட் கிரீக். 1963 நவம்பரில் அங்கே துளை போட்டாங்க; தாமிரம், துத்தநாகம், வெள்ளி மூன்றும் இருந்தது.

ஆனா எல்லா சிக்னலும் புதையல் இல்லை. கிராஃபைட்டும் உப்புநீர் ஊறிய களிமண்ணும்கூட மின்சாரம் கடத்தும். கருவி சொல்வது "இங்கே ஒரு கடத்தி இருக்கு" என்பது மட்டும்தான். அது தாதுவா, வெறும் கிராஃபைட்டான்னு துளை போட்டாதான் தெரியும்.